பால் மெக்பெத்தின் ஒரு கோடி டாலர்: டிஸ்க் கோல்ஃப் நிறுவனங்கள் எதற்குப் பணம் கொடுக்கின்றன?

செந்தில்வேலன்:

2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த டிஸ்கிராஃப்ட் நிறுவனம், பால் மெக்பெத் என்னும் வீரருடன் பத்து ஆண்டுகளுக்கு ஒரு கோடி டாலர் பெறுமானமுள்ள ஒப்பந்தத்தை அறிவித்தது. ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோல்ஃப் பந்துக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தட்டை எறிந்து, சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடையில் இயன்றவரை குறைந்த எறிதல்களில் விழச்செய்வதே டிஸ்க் கோல்ஃப். ஒரு தட்டின் விலை பெரும்பாலும் 15 முதல் 20 டாலர் வரை இருக்கும். ஆடுகளங்களில் மிகப் பல பொதுப் பூங்காக்களில் கட்டணமின்றித் திறந்து கிடப்பவை. பெரிய தொலைக்காட்சி உரிமை வருமானமும் இந்த ஆட்டத்துக்கு வாய்க்கவில்லை. போட்டிகளைப் பெரும்பாலோர் யூடியூபில்தான் பார்க்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஆட்டத்தில் ஒரே வீரருக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் என்பது எனக்கு விளங்கவில்லை. 2018 இறுதியில் இனோவா என்ற மற்றொரு தட்டு நிறுவனத்தை விட்டு டிஸ்கிராஃப்டுக்கு அவர் வந்தபோது, நான்கு ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 2,50,000 டாலர் என்றுதான் பேசப்பட்டது. அதுவே அப்போது வியப்பாக இருந்தது. இரண்டே ஆண்டுகளில் அது நான்கு மடங்கானதற்குப் பெருந்தொற்றுக் காலத்தில் பூங்காக்களுக்குக் கூட்டம் திரண்டு, கடைகளில் தட்டே கிடைக்காமல் போன நிலைதான் காரணம் என்று கருதுகிறேன். விற்பனை உச்சத்தில் இருந்த நேரத்தில் அந்த உச்சம் பத்தாண்டு நீடிக்கும் என்று எண்ணிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். மாற்றுக் கருத்து உடையவர்கள் காரணத்தோடு சொல்ல வேண்டுகிறேன்.

கணக்குப்பிள்ளை:

காரணத்தைக் கணக்காகவே வைக்கிறேன், செந்தில்வேலன் ஐயா. பின்வரும் தொகைகள் நிறுவனத்தின் உள்கணக்கு அல்ல. எடுத்துக்காட்டுக்காக நான் வைத்துக்கொண்டவை.

கடையில் 18 டாலருக்கு விற்கும் ஒரு தட்டு, கடைக்காரருக்கு ஏறத்தாழ அதில் பாதி விலைக்குப் போகிறது என்று கொள்வோம். பிளாஸ்டிக், வார்ப்பு, ஆள் கூலி, முத்திரை, போக்குவரத்து எல்லாம் கழித்து நிறுவனத்தின் கையில் 5 டாலர் மிஞ்சினால், பத்து லட்சம் டாலரை ஈடுகட்ட ஆண்டுக்கு இரண்டு லட்சம் தட்டுகள் விற்க வேண்டும். இரண்டு லட்சம் பெரிய எண்ணிக்கைதான். ஆனால் ஒரு ஆட்டக்காரர் ஒரு தட்டோடு ஆடுவதில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. தொலைவுக்கு டிரைவர், நடுத்தொலைவுக்கு மிட்ரேஞ்ச், கூடைக்கு அருகில் பட்டர் என்று பொழுதுபோக்கு ஆட்டக்காரரின் பையிலேயே பத்துப் பன்னிரண்டு இருக்கும். குளத்திலும் புதரிலும் போனவற்றுக்குப் பதிலாக வாங்குபவை தனி.

இதில் ஒரு நுட்பமும் உண்டு. மெக்பெத் பெயர் பொறித்த தட்டு எத்தனை விற்றது என்று பார்ப்பது தவறான கணக்காகும். அந்தப் பெயர் இல்லாவிட்டாலும் டிஸ்கிராஃப்டின் வேறொரு தட்டை வாங்கியிருக்கக்கூடியவர்களை அதிலிருந்து கழித்துவிட வேண்டும். அதேபோல, பெயருக்காக ஒரு தட்டு வாங்க வந்து, பிறகு அந்த நிறுவனத்தின் மற்ற தட்டுகளுக்கும் பழகிப்போனவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டாம் வகையினர்தான் ஒப்பந்தத்தின் உண்மையான பலன். அவர்கள் எத்தனை பேர் என்பது ஆண்டறிக்கை வெளியிடாத தனியார் நிறுவனத்துக்கு மட்டுமே தெரியும். இரண்டு ஆண்டுகள் அதைப் பார்த்த பிறகுதான் அவர்கள் தொகையை நான்கு மடங்காக்கினார்கள் என்பதை நான் ஒரு சாட்சியமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

மீனாட்சி ரா.:

நான் மிச்சிகனில் வசிப்பவள். வார இறுதிகளில் ஆடுபவள். கணக்குப்பிள்ளை அவர்கள் சொன்னதில் பட்டரைப் பற்றி இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

டிரைவர் எல்லோருக்கும் ஒன்றோ இரண்டோ போதும். பட்டர் அப்படியல்ல. கூடைக்கு முப்பது அடி தள்ளி நின்று, ஒரே அச்சில், ஒரே எடையில், ஒரே பிளாஸ்டிக்கில் உள்ள பத்துப் பட்டர்களைக் காலடியில் அடுக்கி வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக எறிந்து, நடந்து போய்ப் பொறுக்கி வந்து மறுபடியும் எறிவதுதான் பயிற்சி. ஒன்றின் விளிம்பு மற்றொன்றின் விளிம்பிலிருந்து சற்று வேறுபட்டாலும் விரல் உடனே உணர்ந்துவிடும் என்பதால் கலந்து அடுக்க முடியாது. ஆகவே பட்டருக்கு ஒரு வீரரின் பெயர் சேர்ந்தால் அது ஒன்றாக விற்பதில்லை, அடுக்காகவே விற்கிறது. மெக்பெத் வந்தவுடன் டிஸ்கிராஃப்ட் வெளியிட்ட தட்டுகளில் லூனா என்ற பட்டர் இருந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அடி விளிம்பில் மணி போன்ற ஒரு வளையம் ஓடும். பிளாஸ்டிக் சற்றே ரப்பர் கலந்தது போல் பிடி கொடுக்கும். எங்கள் ஊர்க் களத்தில் 2019 கோடையிலேயே பாதிப் பேர் கையில் அது இருந்தது.

இந்த வழி புதியதும் அல்ல. 1990 முதல் 1998 வரை தொடர்ந்து ஒன்பது முறையும், பின்னர் 2000, 2002, 2006 ஆண்டுகளிலுமாகப் பன்னிரண்டு முறை உலகப் பட்டம் வென்ற கென் கிளைமோவின் பெயரில் இனோவா வெளியிட்ட ஏவியார் பட்டரை நினைத்துப் பாருங்கள். பட்டம் ஏறஏறத் தட்டின் மீதுள்ள முத்திரையில் எண்ணும் ஏறியது. பழைய எண் பொறித்த தட்டுகளைச் சேகரிப்பவர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள். இனோவா 1983-இல் டேவ் டனிபேஸின் சரிவான விளிம்பு வடிவமைப்போடு தொடங்கிய நிறுவனம். அந்த விளிம்புதான் விளையாட்டுத் தட்டை இன்றைய டிஸ்காக மாற்றியது. அறிவியலில் முன்னே நின்ற அந்த நிறுவனமே விற்பனைக்கு ஒரு மனிதரின் பெயரை நம்பியிருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

இன்னொரு செய்தி, சற்று வேடிக்கையானது. 2018-இல் டிஸ்கிராஃப்டே பெயர் கொடுத்து நடத்திய கிரேட் லேக்ஸ் ஓப்பன் போட்டியில், டொபாகன் களத்தில் ஒரு சுற்றை 18 அண்டரில், அதாவது களத்துக்கு வகுத்த எறிதல் எண்ணிக்கையைவிட 18 குறைவாக, முடித்தார் மெக்பெத். அப்போது அவர் எறிந்தவை எல்லாம் இனோவா தட்டுகள். டிஸ்கிராஃப்டின் தோரணங்களுக்கு நடுவே அதன் வணிகப் போட்டியாளரான இனோவாவின் பிளாஸ்டிக் அந்தச் சாதனையைச் செய்ததைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், சில மாதங்களில் காசோலைப் புத்தகத்தை எடுத்ததில் ஆச்சரியம் என்ன?

செந்தில்வேலன்:

பட்டர் பற்றிய விளக்கத்துக்கு நன்றி. என் ஐயம் தொகையைவிடக் கால அளவைப் பற்றியது. கிரிக்கெட்டில் டெண்டுல்கரின் மட்டையில் எம்.ஆர்.எஃப். பெயர் இருந்தபோது, அதைப் பார்த்தவர்கள் டயர் வாங்கினார்கள். டெண்டுல்கர் ஆட்டமிழந்தால் டயர் ஓடாமல் போய்விடாது. இங்கே விளம்பரம் செய்பவர்களே ஆயுதத்தையும் செய்கிறார்கள். வீரர் தோற்றால் தட்டே சரியில்லையோ என்ற எண்ணம் வாங்குபவருக்கு வந்துவிடும். மெக்பெத் 1990-இல் பிறந்தவர். 2031-இல் அவருக்கு வயது 41 ஆகியிருக்கும். அதுவரை அவர் வெல்வார் என்று யார் உறுதி கொடுக்க முடியும்?

வடதுருவன்:

பின்லாந்திலிருந்து எழுதுகிறேன். இங்கே இந்த ஆட்டம் பூங்கா பொழுதுபோக்கு என்ற நிலையைத் தாண்டி ஊருக்கு ஊர் வேரூன்றிவிட்டது; டிஸ்க்மேனியா, வெஸ்ட்சைடு என்ற தட்டு நிறுவனங்கள் இந்த நாட்டில் பிறந்தவை, அருகே ஸ்வீடனின் ஷெலெஃப்டியோவில் லாட்டிடியூட் 64 நிறுவனம் இருக்கிறது.

செந்தில்வேலன் சொன்ன ஆயுதம் என்ற கருத்தை எதிர்ப்பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். நிறுவனம் வீரரை நம்புவதைப் போல, வீரர் தன் தோள் நினைவையே நிறுவனத்திடம் அடகு வைக்கிறார். ஒரே அச்சில் வார்த்த தட்டுகள்கூடத் தொகுதிக்குத் தொகுதி வேறுபடும். உருகிய பிளாஸ்டிக் ஆறும் வேகம், நிறமி, அன்றைய கலவை ஆகியவற்றைப் பொறுத்து மேற்புறம் சற்றுக் குவிந்தோ தட்டையாகவோ அமையும். அந்த மிகச் சிறிய வேறுபாடு நூறு மீட்டருக்கு அப்பால் பத்து மீட்டர் இடவிலகலாக வெளிப்படும். அதனால் தொழில்முறை வீரர்கள் தமக்குப் பிடித்த தொகுதியைப் பெட்டி பெட்டியாகச் சேர்த்து வைத்து, புதியது, சற்றுத் தேய்ந்தது, நன்றாகத் தேய்ந்தது என்று ஒரே தட்டின் மூன்று நிலைகளைப் பையில் வைத்திருப்பார்கள். தேய்ந்தது அதிகம் திரும்பும். புதியது எதிர்த்து நிற்கும். ஆண்டுக்கணக்கில் தேய்த்துப் பழக்கிய அந்தப் பையை ஒரு கையெழுத்தில் கைவிட்டுவிட்டு, முன்பின் தெரியாத அச்சுகளோடு பிப்ரவரி மாதப் போட்டிக்குப் போய் நிற்பதுதான் நிறுவனம் மாறுவது.

அதனால்தான் மெக்பெத் டிஸ்கிராஃப்டுக்கு மாறிய முதல் ஆண்டிலேயே, 2019-இல், இல்லினாய் மாநிலத்தின் பியோரியாவில் உலகப் பட்டம் வென்றது அந்த நிறுவனத்துக்கு எந்த விளம்பரத்தாலும் கிடைக்காத பேறாக அமைந்தது. பழைய பையை விட்டு வந்தவர் புதிய பையோடும் வென்றார் என்றால், பிளாஸ்டிக்கின் மீது வாங்குபவருக்கு இருந்த ஐயம் தீர்ந்துவிட்டது. 2022-இல் கான்சாஸ் மாநிலத்தின் எம்போரியாவில் ஆறாவது பட்டமும் வந்தது. ஒப்பந்தத்தின் மீதி ஆண்டுகளில் அவர் ஒன்றுமே வெல்லாவிட்டாலும் லூனா அடுக்குகள் அடுக்கிய இடத்தில்தான் இருக்கும் என்பது என் எண்ணம். பட்டருக்குப் பழகிய விரல் எளிதில் மாறாது. கிளைமோவின் ஏவியார் அவருடைய கடைசிப் பட்டத்துக்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகும் விற்றது என்று மீனாட்சி அவர்களே சொல்வார்.

பெண்கள் பிரிவைப் பற்றி ஒரு வார்த்தை. எஸ்தோனியாவின் கிறிஸ்டின் டாட்டார் 2022, 2023 ஆண்டுகளில் அடுத்தடுத்து உலகப் பட்டம் வென்றபோது லாட்டிடியூட் 64 அணியில் இருந்தார். அவர் பெயர் பொறித்த தட்டுகளை எங்கள் களத்தில் எறிபவர்களில் ஆண்களே மிகுதி. அவருடைய தெளிவான, மிதமான வேக எறிதல்தான் சாதாரண ஆட்டக்காரர் பார்த்துக் கற்றுக்கொள்ளக்கூடியது. ஆண்கள் பிரிவு முன்னணியினரின் வேகம் நம்மில் யாருக்கும் வாய்க்காது. அந்தத் தட்டு நம் கையிலும் சொன்னபடி பறக்கும் என்பதை நிறுவனங்கள் தாமதமாகவே புரிந்துகொண்டன என்று கருதுகிறேன்.

தமிழ்ச்செல்வி, வழக்கறிஞர்:

தொகையைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். ஒப்பந்தத்தில் தொகை எளிமையான பிரிவு. வெளியேறும் பிரிவுதான் கடினமானது.

கேனன் பர் என்ற இளம் வீரரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த பிராடிஜி நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருந்த அவர், 2023 இறுதியில், காலம் முடியுமுன்பே ஒப்பந்தம் முறிந்துவிட்டது என்று கூறி விலகினார். நிறுவனமோ ஒப்பந்த மீறல் என்று நீதிமன்றம் சென்றது. முடிவில் இருதரப்பும் சமரசம் செய்துகொள்ள, அவர் 2024-இல் டிஸ்க்மேனியாவில் சேர்ந்தார். தீர்ப்பு என்று ஒன்று வராமல் போனது என்னைப் போன்றவர்களுக்கு ஏமாற்றந்தான். ஒரு வீரரை, நீதிமன்ற உத்தரவின் பேரில், வேறொரு நிறுவனத்தின் தட்டை எறியக் கூடாது என்று தடுக்க முடியுமா என்ற கேள்வி விடையில்லாமலே நிற்கிறது. உழைப்பு ஒப்பந்தத்தை நிறைவேற்றும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்த நீதிமன்றங்கள் பொதுவாகத் தயங்கும்; ஆனால் போட்டியாளருக்காக உழைக்காதே என்று தடை விதிக்க அதே அளவு தயங்குவதில்லை. தட்டை எறிந்துதான் பிழைப்பு என்னும் வீரருக்கு இவ்விரண்டுக்கும் நடைமுறையில் வேறுபாடு குறைவு.

இதே பிராடிஜிதான் 2013-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வில் ஷூஸ்டெரிக், ரிக்கி வைசாக்கி, பெய்ஜ் பியர்ஸ் முதலிய முன்னணி வீரர்களை ஒரே மூச்சில் தன் பக்கம் இழுத்துக்கொண்டு களத்தில் இறங்கியது என்பதை இங்கே நினைவூட்ட வேண்டும். வீரர்களைக் கூட்டமாகச் சேர்த்துப் புதிய நிறுவனத்துக்கு ஒரே நாளில் பெயர் வாங்கிவிடலாம் என்ற எண்ணம் பலித்தது. அவர்களைத் தக்கவைத்துக்கொள்வது பலிக்கவில்லை. வைசாக்கி பின்னர் லாட்டிடியூட் 64, இனோவா என்று மாறி, 2022 தொடக்கத்தில் டைனமிக் டிஸ்க்ஸுடன் நான்கு ஆண்டுகளுக்கு நாற்பது லட்சம் டாலர் என்று அறிவிக்கப்பட்ட ஒப்பந்தத்தில் சேர்ந்தார். பத்தாண்டு ஒப்பந்தம் நீளம் என்று செந்தில்வேலன் ஐயா குறைப்படுகிறார். டிஸ்கிராஃப்டின் பக்கம் அமர்ந்திருந்தால் நானும் அந்த நீளத்தையே கேட்டிருப்பேன். மெக்பெத் போட்டியாளரிடம் போனால் ஏற்படும் இழப்பு, அவர் தோற்றால் ஏற்படும் இழப்பைவிடப் பெரியது.

அச்சு யாருடையது என்பதும் எழுதப்பட வேண்டிய செய்தி. வீரர் பரிந்துரைத்து, எறிந்து பார்த்து, மாதக்கணக்கில் திருத்தச் சொன்ன தட்டாக இருந்தாலும், எஃகு அச்சு நிறுவனத்தின் உடைமை. வீரர் போகும்போது அவர் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு போவார். தட்டு வேறு முத்திரையோடு தொடர்ந்து விற்கும்.

கணக்குப்பிள்ளை:

சட்டப் பக்கத்துக்கு நன்றி, அம்மையீர். வெற்றிக்கும் விற்பனைக்கும் உள்ள தொடர்பு நாம் எண்ணுவதைவிடத் தளர்வானது என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகளைச் சேர்க்கிறேன்.

முதலாவது, 2021 உலகப் போட்டி, யூட்டா மாநிலத்தின் ஆக்டன். கடைசித் துளையில் (கடைசிக் கூடைக்கான ஆட்டத்தில்) மெக்பெத்தைவிட ஓர் எறிதல் பின்தங்கியிருந்த ஜேம்ஸ் கான்ராட், 247 அடி தொலைவிலிருந்து எறிந்த தட்டை நேரே சங்கிலியில் விழவைத்து ஆட்டத்தைச் சமன்செய்தார். பிறகு சமனை முறிக்கும் கூடுதல் ஆட்டமான பிளேஆஃபில் வென்றார். அவர் அந்த ஆண்டுதான் எம்விபி நிறுவனத்துக்கு மாறியிருந்தார். எறிந்தது அந்நிறுவனத்தின் துணை முத்திரையான ஆக்ஸியமின் என்வி என்ற பட்டர். டிஸ்கிராஃப்ட் ஒரு கோடிக்கு ஒப்பந்தம் போட்ட சில மாதங்களிலேயே, அதன் வீரர் பார்த்துக்கொண்டு நிற்க, அதே மிச்சிகன் மாநிலத்தின் மற்றொரு நிறுவனத்துக்கு உலகம் முழுதும் ஓடிய ஒரு காணொளி இலவசமாகக் கிடைத்தது. கடையில் என்வி கிடைக்காமல் நான் காத்திருந்தது நினைவிருக்கிறது. இப்படி ஒன்றை எந்த ஒப்பந்தத்திலும் எழுதி வாங்க முடியாது. அது நடக்கும் நாளில் நம் தட்டு யாராவது ஒருவர் கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளத்தான் முடியும்.

இரண்டாவது, சைமன் லிசோட். ஜெர்மனியில் வளர்ந்தவர், 2014-இல் 263.2 மீட்டர் எறிந்து அப்போதைய தொலைவுச் சாதனையைத் தன் பெயரில் வைத்திருந்தவர். உலகப் பட்டம் ஒன்றுகூட வென்றதில்லை. ஆனாலும் 2023 தொடக்கத்தில் டிஸ்க்மேனியாவை விட்டு எம்விபிக்கு அவர் மாறியது அந்த ஆண்டின் மிகப் பெரிய செய்தி. காரணம் அவருடைய யூடியூப் காணொளிகள். மரத்தைச் சுற்றி, கூரைக்கு மேலாக, யாரும் எண்ணாத கோணத்தில் எறிந்துவிட்டுச் சிரிப்பார். போட்டியில் நான்காம் இடம் பெற்ற வாரத்திலும் அவருடைய தட்டு விற்கும். அவர் பெயரில் வந்த டைம்-லாப்ஸ் டிரைவரையும் பிக்சல் பட்டரையும் வாங்கியவர்கள் தரவரிசையைப் பார்த்து வாங்கவில்லை.

ஆக, நிறுவனம் வாங்குவது வெற்றியை என்று வைத்துக்கொண்டால் ஒப்பந்தங்கள் பலவும் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். வாங்குவது மக்களின் கவனத்தை என்று வைத்துக்கொண்டால் விலைகள் ஓரளவு ஒழுங்குக்கு வந்துவிடுகின்றன.

செந்தில்வேலன்:

லிசோட் எடுத்துக்காட்டை ஏற்கிறேன். அது என் கேள்வியின் ஒரு பாதிக்கு விடை. மறுபாதி நிற்கிறது. பெருந்தொற்றுக் கால வேகம் தணிந்த பிறகு, அச்சடித்துக் குவித்த தட்டுகள் கிடங்குகளில் தேங்கி, தள்ளுபடி விற்பனைகள் தொடங்கின என்பது எல்லோரும் அறிந்ததே. நிலையான தொகைக்கு உறுதி கொடுத்த நிறுவனம், விற்பனை சுருங்கும்போது அந்தச் சுமையை எங்கே இறக்கி வைக்கும்? மெக்பெத்தின் தொகையில் கைவைக்க முடியாது. அப்படியென்றால் அடுத்த நிலையில் இருப்பவர்களின் தொகையில்தான் கைவைப்பார்கள். முதல் பத்துப் பேருக்குக் கீழே உள்ளவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மீனாட்சி ரா.:

களத்தில் பார்த்ததைச் சொல்கிறேன்.

மேல்மட்டத்துக்குக் கீழே நிலையான சம்பளம் என்பது அரிது. ஒரு நிலையில், மாதத் தொகை சிறிதாக இருந்து, வெற்றிக்கேற்ப ஊக்கத்தொகையும் பெயர் பொறித்த தட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கும் கிடைக்கும். டூர் சீரிஸ் என்று ஒவ்வோர் ஆண்டும் வரும் தட்டுகள் இதற்காகவே. ஆதரிக்க விரும்பும் ரசிகர் அந்த வீரரின் முத்திரை உள்ளதைத் தேடி வாங்குகிறார். அதற்கும் கீழே பணமே கிடையாது. ஆண்டுக்கு இத்தனை தட்டுகள் இலவசம், மேற்கொண்டு வேண்டியவை பாதி விலையில், இரண்டு மூன்று சட்டைகள், பதிலுக்கு நிறுவனத்தின் தட்டை மட்டுமே எறிய வேண்டும், சமூக ஊடகத்தில் குறித்த எண்ணிக்கையில் பதிவிட வேண்டும்.

எங்கள் மாநிலத்தில் ஒரு போட்டி நடந்த வார இறுதியில், வாகன நிறுத்துமிடத்தில் ஒரு வேனின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தட்டு விற்றுக்கொண்டிருந்த இளைஞர் ஒருவரைப் பார்த்தேன். காலையில் முன்னணிப் பிரிவில் ஆடியவர். உள்ளே மெத்தையும் சிறு அடுப்பும். மெத்தைக்கு அடியில் எடை வாரியாக அடுக்கிய பெட்டிகள். அவர் பெயர் பொறித்த மிட்ரேஞ்ச் ஒன்றைக் கேட்டபோது, 177 கிராமா 180 கிராமா என்று கேட்டுத் தராசில் வைத்துக் காட்டிய பிறகே கொடுத்தார். கையெழுத்திட்டால் கூடுதல் விலை உண்டா என்று கேட்டதற்குக் கூச்சத்தோடு இல்லை என்றார். நிறுவனம் அவருக்குத் தரும் ஒதுக்கீட்டை அவர் தாமே விற்றுக்கொள்ளலாம். அடுத்த ஊருக்கான பெட்ரோலும் அடுத்த போட்டிக்கான நுழைவுக் கட்டணமும் அதிலிருந்துதான்.

செந்தில்வேலன் ஐயா அஞ்சுவது நடக்கத்தான் செய்கிறது. அணிப் பட்டியல்கள் சுருங்குகின்றன. ஒவ்வொரு டிசம்பரிலும் புதுப்பிக்கப்படாதவர்களின் நன்றி அறிவிப்புகள் வரிசையாக வருகின்றன. ஆனால் அந்தச் சுருக்கத்துக்கு மெக்பெத்தின் தொகை மட்டுமே காரணம் என்று என்னால் சொல்ல இயலவில்லை. கீழ்நிலை ஆட்டக்காரர்களை ஆயிரக்கணக்கில் அணியில் சேர்த்து, தள்ளுபடி கொடுத்து, அவர்களையே வாடிக்கையாளர்களாக வைத்துக்கொள்ளும் முறை மெக்பெத்துக்கு முன்பிருந்தே நடந்து வருகிறது. அது உண்மையில் ஸ்பான்சர் முறையே அல்ல, மொத்த விற்பனையின் மற்றொரு வடிவம். அவர்களில் யாரும் இன்று நிறுவனத்திடமிருந்து பணம் வாங்குவதில்லை, பணம் கொடுக்கிறார்கள்.

நடுநிலையினரைத்தான் காப்பாற்ற வேண்டும். அதற்கு டூர் சீரிஸ் தட்டுகளில் வீரருக்குப் போகும் பங்கை முத்திரையிலோ பெட்டியிலோ வெளிப்படையாக அறிவிக்கும்படி ரசிகர்கள் கேட்கலாம். ஒரு தட்டுக்கு ஒரு டாலர் போகிறதா மூன்று டாலர் போகிறதா என்று தெரிந்தால், எந்த நிறுவனத்தின் தட்டை வாங்குவது என்பதை நானே அதைப் பார்த்து முடிவு செய்வேன்.

தமிழ்ச்செல்வி, வழக்கறிஞர்:

அறிவிக்கும்படி கேட்பதற்கு முன், ஒப்பந்தத்தில் ரகசியப் பிரிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மீனாட்சி அவர்களே. பெரும்பாலும் இருக்கும். வீரர் சொன்னால் அவர் மீறியவர் ஆவார்; நிறுவனம் தானாக முன்வந்தால் தடையில்லை. ஆகவே கேள்வியை வேனில் நிற்கும் இளைஞரிடம் கேட்காமல் நிறுவனத்திடமே கேளுங்கள்.